ஆள் போகும் முன்னே காசு போய்விடுகிறது

நலிந்துபோன ஊருக்கு உயிர் கொடுத்த கதைகள் யூடியூபில் ஏராளமாகக் கிடைக்கின்றன. நான் விடாமல் பார்ப்பேன், பார்த்துவிட்டுத் திட்டவும் செய்வேன். எல்லாம் ஒரே அச்சு. ட்ரோன் எழும்பி மேலிருந்து ஊரைக் காட்டும், பூட்டிய வீடுகள், ஆளில்லாத கடைத்தெரு, பின்னணியில் சோகமாக ஒரு புல்லாங்குழல். அப்புறம் பெருநகர வேலையை உதறிவிட்டு ஒருவர் வருவார், அவருக்கு ஒரு யோசனை தோன்றும், மூன்றாவது நிமிடத்தில் ஊர் செழித்துவிடும். அந்த இரண்டாவது நிமிடத்துக்கும் மூன்றாவது நிமிடத்துக்கும் நடுவில் நிஜத்தில் பத்துப் பதினைந்து வருஷம் ஓடியிருக்கும், அதில் பாதி கூட்டம் போட்டுச் சண்டை பிடித்ததிலும் மீதி கணக்கு எழுதியதிலும் போயிருக்கும். அதைக் காட்டினால் யார் பார்ப்பார்கள்? சரி, அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

ஊர் ஏன் தேய்கிறது என்று கேட்டால், இளவட்டங்கள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டார்கள் என்பதுதான் எங்கேயும் கிடைக்கும் பதில். இளவட்டங்கள் எல்லா ஊரிலிருந்தும்தான் போகிறார்கள், நன்றாக இருக்கிற ஊரிலிருந்தும் போகிறார்கள். தேய்கிற ஊரில் அவர்களுக்கு முன்னாலேயே காசு போயிருக்கும். சுரங்கமோ ஆலையோ மூடப்படும், அல்லது ஊர் நம்பியிருந்த பயிருக்கு விலை விழும். கடைக்காரருக்கு வியாபாரம் குறையும். வாடிக்கையாளர் போதவில்லை என்று வங்கி தன் கிளையை எடுத்துவிடும். ஏறுவதற்கு ஆளில்லை என்று பேருந்து நாளுக்கு இரண்டு நடையாகும். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது என்று பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊரோடு சேர்ப்பார்கள், உடனே சின்னக் குழந்தை வைத்திருக்கும் தம்பதிகள் வீடு மாற்றிவிடுவார்கள். இதில் எவர்மீதும் சுலபமாகப் பழி போட முடியாது. வங்கியின் கணக்குப்படி வங்கி செய்தது சரி, பேருந்துக்காரர் கணக்குப்படி அவர் செய்ததும் சரி. பேருந்தை நிறுத்தியதால் கடைக்கு எவ்வளவு நஷ்டம், கடை போனதால் பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள் குறைந்தார்கள் என்று ஊர் முழுவதற்குமான ஒரே கணக்கை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அது யாருடைய வேலையும் இல்லை.

பிரிட்டனில் நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இதை ஓட்டைவாளியாகப் பார்க்கச் சொன்னது. மேலே எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதையே எல்லோரும் பேசுகிறார்கள், கீழே ஒழுகுவதைப் பாருங்கள் என்பது அவர்கள் வாதம். கணக்கு எளிது. வெளியிலிருந்து 100 ரூபாய் ஊருக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வாங்கியவர் 80 ரூபாயை ஊருக்குள்ளேயே செலவழிக்கிறார், அதை வாங்கியவர் அதில் 80 சதவீதத்தை, அடுத்தவரும் அப்படியே. இப்படியே போனால் அந்த 100 ரூபாய் ஊருக்குள் மொத்தம் 500 ரூபாய்க்கான வரவாகிவிடும். ஒவ்வொருவரும் 20 சதவீதத்தை மட்டும் ஊரில் விட்டால் மொத்தமே 125தான். உள்ளே வந்த பணம் இரண்டிலும் ஒன்றே. அரசுத் திட்டம் வந்தது, நிதி வந்தது, ஊர் மட்டும் மாறவில்லை என்று பல இடங்களில் புலம்புகிறார்களே, அதில் பாதிக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒப்பந்தக்காரர் வெளியூர், ஆட்கள் வெளியூர், சிமெண்ட் வெளியூர். ஊரில் தங்கியது கல்வெட்டு.

பெரிய தொழிற்சாலையைக் கூட்டிவருவதும் கிட்டத்தட்ட இதே கதை. சம்பளம் சம்பளம்தான், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் ஆலை மூடி அடிபட்ட ஊர், நிலமும் வரிச்சலுகையும் கொடுத்து இன்னொரு ஆலையை அழைத்துவருவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். மூடுகிற முடிவு இந்த முறையும் ஊரில் எடுக்கப்படாது.

இனி காமிகாட்சுவைப் பற்றி. ஜப்பானின் ஷிகோகு தீவில் மலைக்குள் இருக்கும் ஊர், இன்று சுமார் 1,500 பேர் கூட இருப்பார்களா என்பது சந்தேகம். மரம் வெட்டுவதும் ஆரஞ்சு வளர்ப்பதும்தான் ஒருகாலத்தில் பிழைப்பு. 1981-ல் வந்த கடுங்குளிரில் ஆரஞ்சு மரங்கள் கருகின. விவசாயக் கூட்டுறவில் ஆலோசகராக வேலைபார்த்த டொமோஜி யோகோயிஷி என்ற இளைஞர், உணவகங்களில் தட்டை அலங்கரிக்க வைக்கும் மேப்பிள் இலைகளைப் பார்த்து, இது நம் மலையில் சும்மா கிடக்கிறதே, விற்றால் என்ன என்று யோசித்தார். வீடியோவில் இந்த இடத்தோடு கதை முடிந்துவிடும், இலை விற்றுப் பணக்காரர்களான பாட்டிகள் என்று தலைப்பும் போட்டுவிடுவார்கள்.

நடந்தது வேறு. 1986-ல் இரோடோரி என்ற பெயரில் நாலே நாலு பேரோடு ஆரம்பித்தார்கள், முதலில் சரியாக விற்கவில்லை. சமையல்காரருக்கு எந்த அளவு இலை வேண்டும், எந்த நிறம், பருவம் பிறப்பதற்கு எத்தனை நாள் முன்னால் வேண்டும் என்று இவர்களுக்குத் தெரியவில்லை. யோகோயிஷி சொந்தக் காசைப் போட்டு உயர்தர உணவகங்களுக்குப் போய்ச் சாப்பிட்டு, கேட்டுக் கேட்டு, அதைக் கற்றுக்கொண்டு வந்து பாட்டிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் இலைகளை அளவு பார்த்துப் பிரிப்பது, பெட்டியில் அடுக்குவது, காலையில் வந்த ஆர்டரை அன்றே அனுப்புவது. ஆர்டரை முதலில் ஃபேக்ஸில் அனுப்பினார்கள், 1990-களின் இறுதியில் வயதானவர்கள் கைக்கு ஏற்றபடி மாற்றிய கணினிகளைக் கொடுத்தார்கள், பிறகு டேப்லெட் வந்தது. அந்தத் திரையில் இன்றைய சந்தை நிலவரத்தோடு, விற்பனையில் தான் எத்தனையாவது இடம் என்பதையும் ஒவ்வொருவரும் பார்க்கலாம். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான். எழுபது எண்பது வயதில் விடிந்ததும் திரையைத் திறந்து, நேற்று நான் எத்தனையாவது என்று பார்க்கிற போட்டி மனசு! ஆண்டு விற்பனை 20 கோடி யென்னைத் தாண்டியதற்கு மேப்பிள் இலையின் அழகு மட்டும் காரணம் இல்லை. இலை பக்கத்து மலையிலும்தான் இருக்கிறது. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் இருக்கிற அலுப்பான வேலையை ஊருக்குள்ளேயே ஒருவர் வருஷக்கணக்கில் செய்தார், அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து மலையில் வைத்துவிட முடியாது.

வழக்கமாக அந்த நடுவேலை வெளியூர்த் தரகர் கையில் இருக்கும், லாபமும் அங்கேதான் இருக்கும். ஊர் விளைவிக்கும், வேறு யாரோ தரம் பிரிப்பார், பெட்டியில் போடுவார், பெயர் ஒட்டுவார். உள்ளூர்த் தொழில் என்றதும் புதுப்பொருள் கண்டுபிடிக்கணும் என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இருக்கிற பொருளில் அந்த நடு இடத்தை ஊர் பிடிக்க முடியுமா என்று முதலில் பார்க்கலாம்.

ஜப்பானில் இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. ஒய்டா மாநிலத்தின் ஒயாமா, சரிவான நிலம், சின்னச் சின்ன வயல். அரசு நெல் விளைச்சலைப் பெருக்கச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1961-ல், அவர்கள் நெல்லை விட்டு பிளம்ஸும் செஸ்ட்நட்டும் நட்டார்கள். அதற்கு வைத்த கோஷம், 'பிளம்ஸ், செஸ்ட்நட் நட்டு ஹவாய் போவோம்!' வறுமையை ஒழிப்போம், தன்னிறைவு அடைவோம் என்றெல்லாம் சொல்லாமல் ஹவாய் போவோம் என்றார்கள் பாருங்கள், அவர்களுக்கு மனுஷரைத் தெரிந்திருக்கிறது. போகவும் செய்தார்கள். பின்னால் 1979-ல் ஒய்டா ஆளுநர் மோரிஹிகோ ஹிராமட்சு தொடங்கிய 'ஒரு கிராமம், ஒரு பொருள்' இயக்கத்துக்கு ஒயாமாதான் முன்மாதிரி. தாய்லாந்து அதைப் பார்த்துத் தன் பங்குக்கு ஒன்றைத் தொடங்கியது. அரசுகள் நகல் எடுக்கும்போது ஊருக்கு ஒரு பொருள் என்ற பட்டியல்தான் எளிதாகக் கிடைக்கிறது, மேலே இருந்து சொன்னதை மறுத்து ஊரே உட்கார்ந்து முடிவெடுத்த அந்தத் துணிச்சல் எந்தப் படிவத்திலும் வராது.

காசு ஒரு பக்கம், உரிமை இன்னொரு பக்கம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டி எக் என்று ஒரு தீவு. தீவு முழுவதும் ஒரே ஆளின் சொத்து, ஒரு பணக்காரரிடமிருந்து இன்னொருவர் வாங்குவார், குடியிருப்பவர்கள் அத்தனை பேரும் வாடகைக்காரர்கள். எப்போது காலிசெய்யச் சொல்வார்களோ என்று தெரியாத வீட்டுக்கு யார் கூரை மாற்றுவார்கள்? 1997-ல் தீவுக்காரர்கள், வட்டார நிர்வாகம், ஒரு வனவிலங்கு அமைப்பு மூவரும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்து 15 லட்சம் பவுண்டுக்குத் தீவையே வாங்கிவிட்டார்கள். பணம் பெரும்பாலும் பொதுமக்களிடம் திரட்டியது, அதில் பெயர் சொல்லாத ஒருவர் கொடுத்த பெருந்தொகையும் உண்டு. அதுவரை வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர். 2008-ல் நீர், காற்று, சூரியன் மூன்றையும் இணைத்துத் தங்களுக்கென்று ஒரு மின்கட்டமைப்பை ஏற்படுத்தினார்கள், பராமரிப்பையும் தீவுக்காரர்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது, தொழில் இடம் என்றால் 10. மீறினால் மின்சாரம் துண்டிக்கப்படும். எல்லோரும் சம்மதித்து வைத்துக்கொண்ட வரம்பு. தீவை வாங்கியபோது 65 பேர் அளவில் இருந்தார்கள், இப்போது நூறைத் தாண்டிவிட்டது. நூறு பேர்தானா என்று சிரிக்கலாம், அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு அதுவே வாழ்வா சாவா.

அந்த 5 கிலோவாட்டைப் படித்தபோது எனக்கு ஹிவரே பசார்தான் நினைவுக்கு வந்தது. மகாராஷ்டிரத்தின் வறண்ட பகுதியில் இருக்கும் கிராமம், ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிது. பிழைக்க வழியில்லாமல் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப்போன ஊர். 1989-ல் ஊர்த்தலைவரான போபட்ராவ் பவார் மேற்படிப்பு முடித்தவர். தடுப்பணை, மலைச்சரிவில் வரப்பு, மரம் நடுதல் எல்லாம் செய்தார்கள், அதைப் பல ஊர்களும் செய்திருக்கின்றன. இங்கே அதோடு விதிகளும் போட்டார்கள். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது, நிலத்தை வெளியாருக்கு விற்கக் கூடாது. வருஷா வருஷம் மழையளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் வைத்து நீர்க்கணக்குப் போட்டு, இந்த வருஷம் என்ன பயிர் என்று கிராமசபையில் முடிவுசெய்வார்கள். யோசித்துப் பாருங்கள், என் நிலம், என் கிணறு, கரும்புக்கு நல்ல விலை இருக்கிறது, ஆனாலும் ஊர் சொன்னதற்காக நான் நடக்கூடாது. தண்ணீர் ஏறியதும் போனவர்களில் பல குடும்பங்கள் திரும்பி வந்தன. பவாருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. தடுப்பணை கட்ட நிதி எங்கிருந்தாவது கிடைத்துவிடும், இந்தக் 'கூடாது'களுக்குக் கையைத் தூக்கச் சம்மதிக்கிற சபை எந்தத் திட்டத்திலும் கிடைக்காது.

சேமிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் பேசுவதே இல்லை. சிறிய ஊர்க்காரர்கள் வங்கியில் போடும் பணம் பெருநகரத்தில் கடனாகப் போய்விடும், அதே ஊரில் ஒருவர் பட்டறை வைக்கக் கடன் கேட்டால் கிடைக்காது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மொண்ட்ராகோன் என்ற ஊருக்கு, உள்நாட்டுப் போருக்குப் பின், 1941-ல் அரிஸ்மென்டியாரியெட்டா என்ற பாதிரியார் வந்தார். அவர் முதலில் தொடங்கியது தொழிற்பள்ளி, 1943-ல். அதில் படித்த ஐந்து பேர் முதல் கூட்டுறவுத் தொழிற்சாலையை ஆரம்பிக்க 1956 ஆகிவிட்டது. நடுவில் பதின்மூன்று வருஷம்! மூன்றாம் வருஷம், 1959-ல், ஊர்க்காரர்கள் சேமிப்பை ஊர்த் தொழிலுக்கே கடனாகக் கொடுக்க ஒரு கூட்டுறவு வங்கி. இன்று பல்லாயிரம் பேர் வேலைசெய்யும் கூட்டமைப்பு அது. புனிதக் கதையாகவும் ஆக்கிவிட வேண்டாம், அந்த முதல் தொழிற்சாலையின் வழிவந்த ஃபாகோர் 2013-ல் திவாலானது. ஆனால் வேலை இழந்தவர்களில் பலருக்கு மற்ற கூட்டுறவுகளில் இடம் கொடுத்தார்கள்.

சுற்றுலா? வேல்ஸில் ஹே-ஆன்-வை என்ற சிற்றூரை ரிச்சர்ட் பூத் பழைய புத்தகக் கடைகளால் நிரப்பி, 1977 ஏப்ரல் 1 அன்று தன்னை அந்த ஊருக்கு ராஜாவாக அறிவித்துக்கொண்டார். அந்தக் கிறுக்குத்தனம் வேலை செய்தது, அதைப் பார்த்துப் பல நாடுகளில் புத்தக ஊர்கள் முளைத்தன. சுற்றுலா வரட்டும், ஊரின் ஒரே பிழைப்பாக மட்டும் அது ஆகக் கூடாது. வருகிறவர்களுக்கு வீடு பிடித்துப்போய் விடுமுறை வீடாக வாங்க ஆரம்பித்தால், ஊர்ப் பிள்ளைகளால் அந்த விலைக்கு வாங்க முடியாது. வருஷத்தில் பத்து மாசம் விளக்கு எரியாத தெருவாகிவிடும். சிசிலியில் முசோமெலி, சாம்புகா போன்ற ஊர்கள் பாழடைந்த வீட்டை ஒரு யூரோவுக்கு விற்பதாகச் சொல்லி உலகச் செய்தியானது தெரிந்திருக்கும், குறிப்பிட்ட காலத்துக்குள் புதுப்பித்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு. கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை கிடைக்கும், நல்லதுதான். விலை மலிவாக இல்லாததாலா அந்த வீடுகள் காலியாகின என்பதுதான் என் கேள்வி.

கடைசியாக, ஆட்கள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பிரிட்டனில் மூடும் நிலைக்கு வந்த கடைகளை ஊர்க்காரர்களே பங்கு போட்டு வாங்கி நடத்துகிறார்கள், 300-க்கும் மேற்பட்ட கடைகள் அப்படி ஓடுகின்றன. பெரும்பாலும் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். முதல் வருஷம் உற்சாகம் பொங்கும், கல்லாவில் உட்கார ஆள் வரிசைகட்டும். மூன்றாம் வருஷம் ஐந்தாறு பேர் மிஞ்சுவார்கள். அந்த ஐந்தாறு பேரும் களைத்துப்போவார்கள், களைத்தவர்கள் எரிந்து விழுவார்கள், புதிதாக வருகிறவர் ஏதாவது சொன்னால் 'எல்லாம் எங்களுக்குத் தெரியும்' என்பார்கள். நான் கவனித்த வரையில் ஊர் முயற்சிகள் பணமில்லாமல் சாவதைவிட இதனால் சாவதுதான் அதிகம். அதனால் எவ்வளவு சிறிய தொகையானாலும் ஒருவருக்காவது சம்பளம் கொடுத்துவிடுவது நல்லது என்பேன், சேவை மனசை நம்பி ஒரு கடையைப் பத்து வருஷம் திறந்து வைக்க முடியாது. புதிதாகக் குடிவருகிறவர்களை வேற்றாளாகவே வைத்திருப்பது இன்னொரு வியாதி. இத்தாலியின் ரியாச்சே 1998-ல் கரை ஒதுங்கிய குர்து அகதிகளைக் காலி வீடுகளில் குடிவைத்து, பள்ளியையும் பட்டறைகளையும் மறுபடி திறந்தது. பிற்பாடு இதை முன்னின்று நடத்திய மேயர் வழக்கில் சிக்கினார், திட்டமும் சிதைந்தது. எல்லாமே ஒரு மனிதரை நம்பி நின்றால் இப்படித்தான் ஆகும்.

தலைமை என்றால் எனக்கு அமாவின் முன்னாள் மேயரைப் பிடிக்கும். ஜப்பானின் ஒகி தீவுகளில் உள்ள சிற்றூர், நகராட்சியே திவாலாகும் நிலை. 2002-ல் பதவிக்கு வந்த மிச்சியோ யமாவுச்சி முதலில் தன் சம்பளத்தை வெட்டினார், ஊழியர்கள் எங்களுடையதையும் வெட்டுங்கள் என்று முன்வந்தார்கள். பிடித்த மீன் கப்பலேறிப் பெருநிலச் சந்தைக்குப் போய்ச்சேர்வதற்குள் விலை விழுந்துவிடும் என்பதால், தரம் கெடாமல் உறையவைக்கும் நிலையம் அமைத்தார்கள். மூடவிருந்த உயர்நிலைப் பள்ளியை வெளியூர் மாணவர்களும் தேடிவந்து படிக்கும்படி மாற்றினார்கள். பள்ளியைத் தொழிலோடு ஒரே கணக்கில் வைத்துப் பார்த்த ஊர் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. காமிகாட்சுவின் மக்கள்தொகை இன்னமும் குறைந்துகொண்டுதான் வருகிறது. 1950-களில் 6,000 பேருக்கு மேல் இருந்த ஊர், அந்த எண் திரும்பப்போவதில்லை. சில ஊர்கள் சின்னதாகத்தான் ஆகும். சின்னதாகி, இருப்பவர்களுக்கு வேலையும் வைத்தியரும் பேருந்தும் இருக்கும்படி நிற்பதையும் வெற்றி என்றே எண்ணுகிறேன், பழைய எண்ணிக்கையை இலக்காக வைத்து ஓடுகிறவர்கள் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறார்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், ஒரு நோட்டு வாங்குங்கள். முப்பது நாற்பது வீடுகளிலும் ஊரிலுள்ள எல்லாக் கடைகளிலும், போன மாசம் எதற்கெல்லாம் ஊருக்கு வெளியே பணம் கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதுங்கள், பழுதுபார்ப்பு, தையல், வண்டி வாடகை, மின்சாரம், வட்டி எல்லாம். அதில் பெரியதாகவும் ஊருக்குள் செய்யக்கூடியதாகவும் இருக்கிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு வந்தவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது, வராதவர்கள் வீட்டுக்கு நேரில் போகணும், குறிப்பாக உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் வீட்டுக்கு. நீங்கள் பட்டறைக்கோ கிடங்குக்கோ தேடுகிற அந்தப் பூட்டிய கட்டடத்தின் சாவி பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும்.